இந்தப் பதுக்கலை மட்டும் செய்யுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சாதாரண தரப் பிள்ளைகள் உள்ள வீட்டாராவது கடைசிவரை வாசியுங்கள்.

பதுக்கல் என்றால் நமக்கு 2022தான் ஞாபகம் வரும். மண்ணெண்ணெய், காஸ், பால்மா! ஆனால் கணினிப் பாடத்தில் 'பதுக்கு நினைவகம்' என்று ஒன்று படிப்பிக்கிறோம். ஆங்கிலத்தில் கேஷ். ஒளித்துவைத்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். இந்தப் பதுக்கலால் யாருக்கும் நட்டமில்லை.

விஷயம் லேசானது. மஃரிப் எத்தனை மணிக்கு என்று நோன்பில் யாரும் தினமும் பள்ளிவாசலுக்குப் போன் எடுப்பதில்லை. அட்டவணையை ஒருதடவை வாங்கிக் குசினிச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல், அவ்வளவுதான். கணினியின் மூளைக்கு அதன் பிரதான நினைவகமே தூரம். அங்கே போய்வரும் நேரத்தில் அது நூறு வேலை முடித்துவிடும். அதனால் பக்கத்திலேயே சின்னதாய், மிக வேகமான ஒரு நினைவகம். 1968இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம் 360 மொடல் 85 கணினியிலேயே இது வந்துவிட்டது.

நம் போனும் அப்படித்தான். ஒரு தளத்துக்கு இரண்டாம் தடவை போகும்போது படங்கள் உள்ளேயே இருக்கும். "மாறிவிட்டதா?" என்று சேவரிடம் கேட்கும், "இல்லை" என்றால் இருப்பதையே காட்டும். டேட்டாவும் மிச்சம், நேரமும் மிச்சம். இதைத்தான் சிலர் 'கிளீனர்' அப் போட்டுத் தினமும் துடைக்கிறார்கள்! போனில் இடம் முட்டினால் துடையுங்கள். மற்றபடி, காசு கொடுத்து வாங்கியதை எறிந்துவிட்டு மறுபடி வாங்குகிற வேலை அது.

இப்போது நான் சொல்ல வந்தது. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு 50 எம்பி பாட வீடியோவை ஆசிரியர் வட்ஸ்அப் குழுமத்தில் போடுகிறார். முப்பது பேரும் தனித்தனியே இறக்கினால் 1,500 எம்பி. ஒரே வீடியோ, ஒரே ஊர், முப்பது வீட்டு ரீலோட். கூகுள் போன்ற பெரிய கம்பனிகள் இணைய நிறுவனங்களுக்குள்ளேயே தங்கள் பதுக்குச் சேவர்களை வைத்திருக்கின்றன. வீடியோ சீக்கிரம் வரும், கம்பனிகளுக்குச் செலவும் குறையும். நம் டேட்டா குறைவது மட்டும் குறையாது. ஏனென்றால் அந்தப் பதுக்கல் மீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நமக்கு வேண்டியது மீட்டருக்கு இந்தப் பக்கம், பாடசாலைக்குள்ளேயே ஒன்று.

அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு பழைய லெப்டொப், ஒரு வைஃபை ரவுட்டர். கொலிப்ரி என்ற இலவச மென்பொருள் இணையமே இல்லாத இடங்களுக்கென்று செய்யப்பட்டது. கடந்தகால வினாத்தாள்கள், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்துப் பாடங்கள், நம் ஆசிரியர்களின் வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒருதடவை இறக்கி வைத்தால் போதும். பிள்ளை நீராவிப்பிட்டியில் இருந்தாலும் சாளம்பைக்குளத்தில் இருந்தாலும், பாடசாலை வைஃபையில் டேட்டா செலவில்லாமல் எடுத்துக்கொண்டு போகலாம். அதுவரைக்கும் மெமரி கார்ட்டும் போனுக்குப் போன் நேரடியாக அனுப்புவதும் இருக்கவே இருக்கிறது. வட்ஸ்அப்பில் போர்வர்ட் பண்ணுவதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது ஒவ்வொருவருக்கும் புதிதாய் இறங்கும்.

ஒரு ஆபத்தும் உண்டு. போன வருட நோன்பு அட்டவணை இந்த வருடம் உதவாது. அதேபோல பழைய பரீட்சை நேரசூசி குழுமங்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பாடசாலைப் பதுக்கலுக்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியர் வேண்டும். வாரம் ஒருதடவை பழையதை எடுத்துப் புதியதைப் போட வேண்டும். மாறாத வினாத்தாள் அப்படியே கிடக்கலாம். நேரசூசி, சுற்றறிக்கை கிடக்கக்கூடாது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் வர்ணப் பூச்சுக்கும் நுழைவாயில் வளைவுக்கும் பணம் சேர்க்கிறோம். அடுத்த கூட்டத்தில் இதையும் யாராவது கேளுங்கள். பெற்றோர் கேட்டால் ஒரு எடை இருக்கும், நாங்கள் கேட்டால் "சேருக்கு வேற வேலையில்லை" என்பார்கள்.

வீட்டில் தூங்கும் பழைய லெப்டொப் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை.