புத்தாக்கப் பெண்மணிகளின் கதைகளை எப்படிக் கூறுவது?



மாணவர்களின் ஆர்வத்தைத் தூண்டுவதற்காகப் புத்தாக்குநர்களின் கதைகளைக் கூறுவது நம் வகுப்பறைகளில் வழக்கம்தான். எடிசனும் கிரகாம் பெல்லும் தவறாமல் இடம்பெறுவர். பெண்களில் ஒருவர் வேண்டுமென்றால் மேரி கியூரியைக் குறிப்பிட்டு நிறைவடைந்து விடுகிறோம். அவர் மாபெரும் அறிவியலாளர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், இருமுறை நோபல் பரிசு பெற்றவரை அண்ணாந்து பார்க்கும் பதினொரு வயதுப் பிள்ளைக்கு, 'என்னாலும் முடியும்' என்ற எண்ணம் எளிதில் பிறப்பதில்லை.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் குழுவேலை நடக்கும்போது சற்றே கவனியுங்கள். திருப்புளியும் மின்கம்பியும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளின் கைகளில் இருக்கும். அறிக்கை எழுதுவதும் அட்டைக்கு வண்ணம் தீட்டுவதும் பெண் பிள்ளைகளின் பங்காகிவிடும். யாரும் கட்டளையிடுவதில்லை; தானாகவே அப்படிப் பிரிந்துவிடுகிறது. தேர்வில் நல்ல புள்ளிகள் பெறும் பெண் பிள்ளையும் கருவியைத் தொடாமலேயே ஆறாம் ஆண்டை முடித்துவிடுகிறாள். இந்நிலையை மாற்றுவதற்குப் பயன்படாத கதை, எவ்வளவு சுவையாக இருந்தாலும் பொழுதுபோக்காகவே முடியும்.

ஆகவே, கைவேலையும் விடாமுயற்சியும் வெளிப்படையாகத் தெரியும் கதைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்காவின் மார்கரெட் நைட் சிறுமியாக இருந்தபோதே பருத்தி ஆலையில் வேலை செய்தவர். பிற்காலத்தில் காகிதப்பை நிறுவனம் ஒன்றில் பணியாற்றியபோது, தட்டையான அடிப்பாகம் கொண்ட பைகளை மடித்து ஒட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். அவருடைய மாதிரியைப் பார்த்த சார்லஸ் அன்னன் என்பவர் அதைத் தம் படைப்பாகக் காட்டிக் காப்புரிமை பெற முயன்றார். நைட் வழக்குத் தொடுத்தார். தம் வரைபடங்களையும் குறிப்புகளையும் சான்றாகக் காட்டி வென்றார். 1871இல் காப்புரிமை அவருக்கே கிடைத்தது. 'செய்வதை எழுதிவை, வரைந்துவை' என்று நாம் ஓயாமல் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

மேரி ஆண்டர்சன் நியூயார்க் நகரில் பனிபொழிந்த ஒரு நாளில், முன்கண்ணாடி மறைத்ததால் டிராம் ஓட்டுநர் படும் தொல்லையைக் கண்டார். உள்ளிருந்தபடியே நெம்புகோலை அசைத்தால் வெளியே இரப்பர் பட்டை கண்ணாடியைத் துடைக்கும் கருவியை வடிவமைத்து, 1903இல் காப்புரிமை பெற்றார். 1905இல் கனடா நிறுவனம் ஒன்று, அதற்கு வணிக மதிப்பில்லை என்று மறுத்துவிட்டது. அதனால் அவருக்கு வருவாய் கிடைக்கவில்லை. இன்று நம் மாலைநேர அடைமழையில் துடைப்பான் இல்லாத பள்ளிப் பேருந்தைக் கற்பனை செய்ய முடியுமா? இக்கதையை வெற்றிக் கதையாக மாற்றிக் கூற வேண்டாம். நல்ல எண்ணமும் மறுக்கப்படலாம் என்பதைப் பிள்ளைகள் அறியட்டும்.

ஸ்டெபனி குவோலெக் 1965இல் தம் ஆய்வகத்தில் கலங்கலான, நீர்த்த கரைசல் ஒன்றைப் பெற்றார். நூற்கும் கருவியின் துளைகள் அடைபடுமோ என்று அதனை இயக்குபவர் தயங்கினார். குவோலெக் விடாமல் வற்புறுத்தி நூற்கச் செய்தார். எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு வலிமையுள்ள இழைக்கு அதுவே வழிவகுத்தது. குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் கெவ்லர் அதுதான்.

இக்கதைகளைக் கூறும்போது 'பெண்ணாக இருந்தும் சாதித்தார்' என்ற தொடரைத் தவிர்த்துவிடுவோம். அந்த 'இருந்தும்' என்ற சொல், பெண்ணுக்கு இது இயல்பன்று என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. இவை பெண் பிள்ளைகளுக்கு மட்டுமான கதைகளும் அல்ல. ஆண் பிள்ளைகளும் கேட்டால்தான் அடுத்த குழுவேலையில் திருப்புளி கைமாறும்.

கதை முடிந்ததும் செயல் தொடங்க வேண்டும். நைட்டின் கதையைக் கூறிய பின்னர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளைக் கொடுத்து, தட்டையான அடிப்பாகமுள்ள பையை மடிக்கச் சொல்லுங்கள். பிறகு, "இதே மடிப்புகளை ஓர் இயந்திரம் செய்ய வேண்டுமென்றால் எதை முதலில் செய்யும்?" என்று கேளுங்கள். விடை உடனே வராவிட்டாலும் பரவாயில்லை. தாளைப் பிரித்து மீண்டும் மடித்துப் பார்க்க நேரம் கொடுங்கள். குழுவில் வேலைகளையும் வாரந்தோறும் சுழற்சி முறையில் மாற்றுங்கள். சென்ற வாரம் அறிக்கை எழுதியவள் இந்த வாரம் கருவியை எடுக்கட்டும்.

சிந்திப்போம், செயற்படுவோம்.