சாரதியின் ஓய்வு, பயணியின் உயிர்

மது அருந்திய சாரதியை மூச்சுப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். இரவெல்லாம் கண்விழித்த சாரதியைக் காட்டிக்கொடுக்கும் கருவி வீதியில் நிற்கும் பொலிசாரிடம் இல்லை. ஆயினும் 17 மணி நேரம் உறங்காதவனின் புலன்கள் மது அருந்தியவனுடையவை போல் மந்தமடையும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் 3 விநாடி கண்ணயர்ந்தால், 50 மீற்றர் தூரம் வண்டி ஆளின்றி ஓடுகின்றது!

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பஸ்ஸாயினும் வெங்காய லொறியாயினும், இரவு முழுவதும் ஓட்டியவரை இளைப்பாற விடாது மறு இரவே திருப்பியனுப்பும் முதலாளி குற்றத்தில் பங்காளியல்லவா? களைத்தவனுக்கே கோபமும் அவசரமும் விரைவில் வரும். தேநீர் உறக்கத்துக்கு ஈடாகாது.

இரவு வண்டிக்கு இரு சாரதிகள் வேண்டும். ஓய்வு நேரத்துக்குப் பதிவேடு வேண்டும். இவற்றை அரசு கண்டிப்புடன் நிலைநாட்டுதல் வேண்டும். "வேகமாய் ஓட்டு" என நெருக்கும் பயணிகளாகிய நாமும் பொறுமை பழகுவோமாக!