கைப்பேசி அம்மாவுடையது, அறிக்கை யாருடையது?

புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் மூத்தோர் பலரின் கைகளில் இப்போது புதிய கைப்பேசியைக் காண்கிறோம். பெரும்பாலும் பிள்ளைகள் வாங்கித் தந்ததாக இருக்கும். திரையின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளைக்கூடச் சிலர் இன்னும் உரித்திருக்க மாட்டார்கள். வெளியூரில் இருக்கும் பேரக்குழந்தையின் முகத்தைப் பார்க்கவும், பழைய பாடல்களைக் கேட்கவும், உறவினர் குழுவில் காலை வணக்கம் அனுப்பவும் அது பயன்படுகிறது. தனிமையைக் குறைக்கும் எதையும் மருத்துவர்கள் வரவேற்கவே செய்வோம். ஆயினும், "போன வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டதா?" என்று கேட்டால், அவர்களுள் பலர் தரும் விடை ஒன்றே: "அது பையன் போனுக்கு வரும், டாக்டர்."

அந்த விடையைப் பற்றியே இக்கட்டுரை. சில ஆண்டுகளுக்கு முன்பு அது நியாயமான ஏற்பாடாக இருந்தது. பெரியவர்களிடம் இருந்தவை பொத்தான் கைப்பேசிகள். அறிக்கையைத் திறந்து பார்க்கும் வசதி அவற்றில் இல்லை. எனவே மருத்துவமனைப் பதிவேட்டில் மகனுடைய எண்ணோ மகளுடைய எண்ணோ எழுதப்பட்டது. இன்று கைப்பேசி மாறிவிட்டது. பதிவேட்டில் உள்ள எண் மாறவில்லை. நோயாளியின் உடலைப் பற்றிய செய்தி முதலில் நோயாளிக்கே வர வேண்டும். பிள்ளைகளுக்கு அது அடுத்ததாகச் செல்லலாம். இதுவே என் கருத்து. இது மரியாதையைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. சில வேளைகளில் உயிரைப் பற்றிய பேச்சும் ஆகும்.

சிறுநீரக மருத்துவர் என்ற முறையில் என் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அது போதிய அளவு வெளியேறாமல் தேங்கக்கூடும். 6-ஐத் தாண்டினால் நாங்கள் கவலை கொள்வோம்; 6.5-ஐத் தொட்டால் அதை அவசர நிலையாகவே கொள்வோம். இதயத்துடிப்பின் ஒழுங்கு குலைந்து, இதயம் நின்றுபோகும் ஆபத்தும் அதில் உண்டு. அஞ்சத்தக்க செய்தி என்னவெனில், பலருக்கு முன்னறிகுறி எதுவும் தோன்றுவதில்லை. நன்றாகவே இருப்பதாக அவர்கள் உணர்வார்கள். அவர்களை எச்சரிக்கக்கூடியது ஆய்வகம் தரும் அந்த ஓர் எண் மட்டுமே.

அப்படிப்பட்ட முடிவு வந்தவுடன் பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு அழைப்பு போகிறது. அந்த எண், இரவுப்பணி முடிந்து வேறோர் ஊரில் உறங்கிக்கொண்டிருக்கும் மகனுடையதாக இருந்தால் என்ன ஆகும்? அலுவலகக் கூட்டத்தில் கைப்பேசியின் ஒலியை அடக்கி வைத்திருக்கும் மகளுடையதாக இருந்தால்? நோயாளியோ தம் புதிய கைப்பேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, வெயிலுக்கு இதமாக ஓர் இளநீரைப் பருகிக்கொண்டிருப்பார். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. அந்த இரண்டு மூன்று மணி நேரத் தாமதத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைத் தவிர்க்க முடியும்.

அவசர நிலையை விடுங்கள். அன்றாட வாழ்விலும் இந்த ஏற்பாடு பொருந்தவில்லை. சிறுநீரக நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகிய மூன்றின் போக்கையும் பெருமளவு தீர்மானிப்பது அடுக்களை. சாம்பாரில் எவ்வளவு உப்பு, மதியம் ஊறுகாய் உண்டா, காயை வேகவைத்த நீரை வடித்துவிட வேண்டுமா, நாளொன்றுக்கு எத்தனை தம்ளர் தண்ணீர் என்பனவற்றை எல்லாம் அங்கே இருப்பவரே முடிவு செய்கிறார். எண் ஒருவருக்குத் தெரிகிறது. கரண்டி மற்றொருவர் கையில் இருக்கிறது. "அம்மா, உப்பைக் குறை" என்று தொலைவிலிருந்து வரும் சொல், எத்தனை அன்போடு வந்தாலும், கட்டளையாகவே கேட்கும். நான்கு நாளில் தேய்ந்துபோகும். தம் கிரியேட்டினின் 2.1-இலிருந்து 2.6 ஆனதைத் தம் கண்ணாலேயே பார்க்கும் ஒருவர், உப்புக் கரண்டியைப் பிடிக்கும் விதம் வேறாக இருக்கும்.

இதை நான் சொல்லும்போது குடும்பத்தினர் மூன்று மறுப்புகளை முன்வைப்பதுண்டு. மூன்றும் அக்கறையில் பிறந்தவை. எனவே மூன்றுக்கும் விடை சொல்வது கடமை.

"அப்பா பயந்துவிடுவார்" என்பது முதலாவது. பயம் உண்மையே. ஆனால் எண்ணை மறைத்தால் பயம் போய்விடுவதில்லை. பிள்ளைகள் தாழ்ந்த குரலில் பேசுவதையும், மருத்துவர் மகனை மட்டும் தனியே அழைப்பதையும் பெரியவர்கள் கவனிக்கவே செய்கிறார்கள். தெரியாத ஒன்றைப் பற்றிய அச்சம், தெரிந்த ஒன்றைப் பற்றிய அச்சத்தைவிடப் பெரிது. எண்ணோடு அதன் பொருளையும், அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள்.

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆங்கில அறிக்கை எப்படிப் புரியும்?" என்பது இரண்டாவது. முழு அறிக்கையும் புரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் கவனிக்க வேண்டிய எண்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். உங்களுக்குரியவை எவை என்று எங்களிடம் கேளுங்கள். அவற்றைச் சுற்றி வட்டமிட்டுத் தருகிறோம். பால் கணக்கையும் சீட்டுப் பணத்தையும் ஆண்டுக்கணக்கில் மனத்திலேயே வைத்திருப்பவர்களுக்கு மூன்று எண்களை நினைவில் வைப்பது அரிதன்று. எழுத்தறியாதவருக்கு, தமிழில் பேசிப் பதிவு செய்த ஒரு நிமிடக் குரல்செய்தி போதும்.

மூன்றாவது, மோசடி பற்றிய கவலை. இது மிகவும் நியாயமானது. வங்கி அதிகாரி என்றும் காவல்துறை என்றும் சொல்லிக்கொண்டு முதியவர்களை மிரட்டிப் பணம் பறிக்கும் அழைப்புகள் பெருகிவிட்டன. அதற்காகப் பெற்றோரின் கைப்பேசியில் வங்கிச் செயலியை வைக்காமல் விடலாம், ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது என்று திரும்பத் திரும்ப நினைவூட்டலாம். பணம் பறிபோனால் உடனே அழைக்க 1930 என்ற எண்ணைச் சேமித்து வைக்கலாம். பணத்தைக் காப்பது வேறு. உடலைப் பற்றிய அறிவைத் தடுப்பது வேறு. முன்னதைச் செய்வதற்குப் பின்னது தேவையில்லை.

மருத்துவ நெறியும் நோயாளியையே முதன்மையாகக் கொள்கிறது. நோயாளி தம் மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகளில் உள்ளது. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், நோயாளியின் சார்பில் வேறொருவர் பேசும்போது அவருக்கு அதற்கான உரிமை உண்டா என்பதை மருத்துவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்கின்றன. நினைவாற்றல் குன்றியவர்கள், முடிவெடுக்க இயலாத நிலையில் இருப்பவர்கள் ஆகியோருக்குப் பராமரிப்பவரின் எண்ணே முதலிடம் பெற வேண்டும். தாமே விரும்பி, "என் மகளிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்" என்று கூறுபவர்களும் உண்டு. அதுவும் அவர்களுடைய முடிவே; அதை மதிக்கிறோம். அவரைக் கேளாமலேயே பிறர் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

இனி, நடைமுறை. புதிய கைப்பேசியைப் பெற்றோர் கையில் தரும்போது வாட்ஸ்அப்பையும் யூடியூபையும் கற்றுத் தருகிறோம். அதோடு இன்னும் அரை மணி நேரத்தைக் கீழ்க்கண்டவற்றுக்கு ஒதுக்குங்கள்.

முதலில், அது அவர் கைக்கும் கண்ணுக்கும் பொருந்தட்டும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள், அழைப்பொலியைக் கூட்டுங்கள். முதுமையில் விரல் ரேகை தேய்ந்தும் தோல் வறண்டும் இருப்பதால், விரலை வைத்துத் திறக்கும் வசதி பலருக்குக் கைகொடுப்பதில்லை. நீரிழிவால் விரல் நுனி மரத்துப்போனவர்களுக்குத் திரையைத் தொடுவதே சிரமம். "எனக்கு இது வராது" என்று அவர்கள் ஒதுங்குவது இதனாலாகவும் இருக்கலாம். எளிய கடவு எண் ஒன்றை அமைத்துக் கொடுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் வழக்கமாக வாரம் மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். பெரிய கைப்பேசியை மற்றொரு கையால் மட்டும் பிடித்திருப்பது கடினம். அவர்களுக்குச் சிறிய தாங்கி ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கைப்பேசியைச் சட்டையின் மேல்பையில் வைக்கலாகாது. கைப்பேசியில் உள்ள காந்தம் அக்கருவியைப் பாதிக்கக்கூடும் என்பதால் குறைந்தது 15 செ.மீ. இடைவெளி வேண்டும்.

அடுத்து, அவசரகாலத் தகவல். பூட்டிய நிலையிலும் பிறர் பார்க்கக்கூடியவாறு இரத்த வகை, நோய்கள், ஒவ்வாமை, உறவினர் எண் ஆகியவற்றைப் பதியும் வசதி ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் உண்டு. தெருவில் ஒருவர் மயங்கி விழுந்தால் உதவ வருபவர் முதலில் தேடுவது அதைத்தான். 108, 112 ஆகிய எண்களை அழைக்கவும் ஒருமுறை சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாவதாக, மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டைகள், அறிக்கைகள் ஆகியவற்றின் படங்களை ஒரே தொகுப்பில் வைக்கப் பழக்குங்கள். "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, இரவில் ஒரு சின்ன மாத்திரை" என்ற விவரிப்பைவிட, அட்டையின் படம் ஒன்று எங்களுக்குப் பெரிதும் உதவும். பழைய கைப்பேசியைக் கடையில் கொடுத்து மாற்றும் முன், அதிலுள்ள படங்களைப் புதியதற்கு மாற்றிவிட்டுப் பழையதை முற்றிலும் அழித்துவிடுங்கள். மாத்திரை நேரங்களுக்கு மணியும் வைக்கலாம்.

நான்காவதாக, எதை நம்பக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். காமிராவின் மேல் விரலை வைத்தால் இரத்த அழுத்தத்தைச் சொல்வதாகக் கூறும் செயலிகள் உள்ளன. அமெரிக்காவில் பரவலாக விற்ற அத்தகைய செயலி ஒன்றை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, உயர் இரத்த அழுத்தம் இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கு இயல்பாக இருப்பதாகவே அது காட்டியது. கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவிக்கு அது ஈடாகாது. அவ்வாறே, வாழைத்தண்டுச் சாறு சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் என்றும், இந்துப்பு எவ்வளவு சேர்த்தாலும் கேடில்லை என்றும் செய்திகள் வருகின்றன. வாழைத்தண்டிலும் பொட்டாசியம் உண்டு. இந்துப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடே. நாம் விலக்கச் சொல்லும் அதே உப்புத்தான். சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். வாட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கைமாறி வந்தது என்று பொருள். அதைப் பின்பற்றும் முன் எங்களிடம் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். பெற்றோர் எண்ணை முதலிடத்தில் எழுதுவதால் உங்கள் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. உங்கள் எண் இரண்டாவதாகப் பதிவேட்டில் இருக்கும். அவசர முடிவு வந்து முதல் எண்ணில் விடை கிடைக்காவிட்டால் அடுத்து அழைக்கப்பட வேண்டியது உங்களையே. மாறுவது உரையாடல் மட்டுமே. "ரிப்போர்ட்டில் என்ன வந்திருக்கிறது, அம்மா?" என்று நீங்கள் கேட்பீர்கள், அவர் சொல்வார். புரியாத இடத்தை இருவரும் குறித்துவைத்து, அடுத்த வருகையில் எங்களிடம் கேட்பீர்கள்.

அடுத்த முறை வரும்போது, மருத்துவரைப் பார்க்கும் முன் பதிவுப் பிரிவில் ஒரு நிமிடம் நின்று, "என் பெயரில் எந்த எண் இருக்கிறது?" என்று நோயாளியே கேட்கட்டும். அது தம்முடையதாக இல்லையெனில், அங்கேயே மாற்றித் தரச் சொல்லட்டும்.