வெட்டின கொப்பியைக் காட்டுங்கோ

ஆரம்பப் பிரிவில் வைரக்கவிதை படிப்பிக்கிற ரீச்சர்மாருக்கு முதலில் நன்றி. பாடமாக்கின ‘எனது பாடசாலை’ கட்டுரையிலிருந்து பிள்ளையளைக் கொஞ்ச நேரமாவது வெளியில் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். ஆனால் அதைப் படிப்பிக்கிற விதத்தோடு எங்களுக்குச் சண்டை இருக்கிறது.

வைரக்கவிதை என்பது 1969இல் அமெரிக்கரான ஐரிஸ் டீட் உருவாக்கின வடிவம். ஏழு வரி. முதல் வரியில் ஒரு பெயர், இரண்டாவதில் அது எப்படிப்பட்டது என்று சொல்லும் இரண்டு சொல், மூன்றாவதில் மூன்று வினை, நடுவில் நாலு பெயர். பிறகு மூன்று, இரண்டு, ஒன்று எனச் சுருங்கி, முதல் வரிக்கு எதிரான ஒரு பெயரில் முடியும். விளையாட்டு முழுக்க அந்த நடு வரியில்தான். அதன் முதல் இரண்டு சொல் மேலே உள்ளதுக்குச் சொந்தம், மற்ற இரண்டும் கீழே உள்ளதுக்கு. கவிதை அங்கேதான் திரும்புகிறது.

வகுப்பில் நடப்பது என்ன? கரும்பலகையில் ஏழு கோடு. “பகல் எண்டு போடுங்கோ, கடைசியில இரவு எண்டு போடுங்கோ.” பிறகு வெளிச்சமான, இருண்ட. வகுப்பு முழுக்க ஒரே பகல், ஒரே இரவு. அதைப் பிறிஸ்டல் போட்டில் ஒட்டி, ஓரத்துக்கு மினுக்கம் பூசி, பெற்றோர் கூட்டத்தில் காட்டுகிறோம். பாடமாக்கின கட்டுரைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று சதுரம், மற்றது வைரம்.

இது சும்மா சலிப்புத் தருகிற விஷயம் மட்டும் இல்லை. ‘ஆண்’ என்று தொடங்கி ‘பெண்’ என்று முடிக்கச் சொல்லிப் பாருங்கள். வலிமையான, மென்மையான, உழைக்கும், சமைக்கும் என்று தானாக வந்து விழும். ‘வெள்ளை’, ‘கறுப்பு’ கொடுத்தால் இன்னும் மோசம். எதிர்ச்சொல்லில் நிற்கிற இந்த வடிவம், யோசிக்க நேரம் கொடுக்காவிட்டால், ஊரில் ஏற்கெனவே கிடக்கிற தப்பெண்ணத்தை ஏழு வரியில் அடுக்கித் தரும். அதைத் தடுக்கிற ஒரே இடம் திட்டத்தாள். “உன்ர அம்மா காலமை என்ன செய்யிறா?” என்று ரீச்சர் அங்கேதான் கேட்கலாம். ‘மென்மையான’ வெட்டப்படுவதும் அங்கேதான்.

ஆகவே திட்டமிடச் சொல்லிக் குடுங்கோ. தாளை இரண்டாக மடிக்கட்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல் என்று வைப்போம். பாடப்புத்தகத்தில் இது எதிர்ச்சொல் இல்லை. நல்லதுதான், ஏன் எதிர் என்று பிள்ளை சொல்ல வேண்டி வரும். கண்ணுக்குத் தெரிவது, காதுக்குக் கேட்பது, மூக்குக்கு வருவது என்று பக்கத்துக்குப் பத்துச் சொல்லாவது எழுதட்டும். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை ‘நீலம்’ எழுதாது, ‘மண்ணெண்ணெய்’ என்று எழுதும். எழுத விடுங்கோ. பிறகு வெட்டி, மாற்றி, வாய்விட்டு வாசித்துப் பார்த்தால் இப்படி ஒன்று வரலாம்:

கடல்
உப்பான, ஆழமான
இரையும், இழுக்கும், அலையும்
வள்ளம், வலை, வரம்பு, வாய்க்கால்
முளைக்கும், அசையும், விளையும்
ஈரமான, பசுமையான
வயல்

நடு வரியில் நாலும் ‘வ’வில் தொடங்குவதைப் பிள்ளை தானே கண்டுபிடித்தால், அன்றைக்கு மோனை படிப்பித்தாச்சு.

இன்னொன்று. ஆங்கிலத்தில் ‘இங்’ என்று முடியும் வினைகளை வைத்துத்தான் அந்த மூன்று சொல் வரிகள். அதை அப்படியே மொழிபெயர்த்து ‘ஓடுதல், ஆடுதல், பாடுதல்’ என்று எழுதுவித்தால் இலக்கணப் பயிற்சி மாதிரித்தான் கேட்கும். ‘ஓடும், ஆடும்’ போதும். தமிழ்ச் சொல் நீளமானது, வைரம் கொஞ்சம் கோணும். கோணட்டும். எண்ணுவது சொல்லை, அடிமட்டம் வைத்து அளப்பதுக்கு இல்லை.

“இது வெளிநாட்டுச் சாமான்” என்பவர்கள் தண்டியலங்காரத்தில் சித்திரகவியைப் பார்க்கட்டும். நாகபந்தமும் முரசபந்தமும் அங்கே இருக்கு. “புலமைப்பரிசில் கிட்டுது, நேரமில்லை” என்பதுதான் கனமான பதில். அந்தப் பரீட்சையின் பாரம் ரீச்சர்மார் தலையிலும் இருக்கிறது, தெரியும். ஆனால் மூன்றாம் தரத்துப் பிள்ளையிடமும் அதே பதிலைச் சொல்கிறோமே, அது எந்தப் பரீட்சைக்கு?

உண்மையான தடை வேறு. எங்கட பள்ளிக்கூடங்களில் வெட்டின கொப்பி என்றால் வெட்கம். அழிறப்பரால் தேய்த்துத் தாள் ஓட்டை விழும் மட்டும் பிழையை மறைக்கப் பழக்குகிறோம். அதே பிள்ளையிடம் “முதல் வரைவு எழுது” என்றால் அது எப்படி எழுதும்? எடுத்தவுடன் முத்து முத்தான எழுத்தில் கடைசிப் பிரதியைத்தான் தரும், அதுவும் அம்மா சொல்லிக் கொடுத்ததை. தமிழ்த்தினப் போட்டிக்குப் பெரியாக்கள் எழுதிக் கொடுத்த கவிதையோடு போன பிள்ளையள் எங்களுக்குள்ளேயே எத்தனை பேர்!

அடுத்த கண்காட்சிக்கு ஒரு காரியம் செய்யுங்கோ. ஒவ்வொரு வைரத்துக்கும் பக்கத்தில் அதன் திட்டத்தாளையும், வெட்டிக் கொத்தின முதல் வரைவையும் குத்துங்கோ. முதல் தாளாக ரீச்சரின்ர வெட்டின தாள் இருக்கட்டும்.