ஒரு லயத்துக்கு எத்தனை சட்டம்?

லயம் ஒன்றுதான், அதன் தலைமேல் ஏறியிருக்கும் சட்டங்களோ பல!

தொழிலாளர் வீட்டின் குறைந்தபட்சத் தரத்தைச் சொல்வது 1990-ம் வருடச் சட்டம். அதை மேற்பார்ப்பது தொழிலாளர் இலாகா. 2020 ஜூன் முதல் தங்குமிடத்துக்கு முதலாளி பெறவேண்டிய அத்தாட்சிப் பத்திரமும் அங்கேதான். தோட்டம் நகராண்மை எல்லைக்குள் இருந்தாலோ, கட்டடத்துக்கும் கால்வாய்க்கும் 1974-ம் வருடச் சட்டம். அது நகராண்மையின் கையில். போதாதென்று, 1976-ம் வருட ஊராட்சிச் சட்டத்தின் கீழ் மன்றத்துக்கு மன்றம் தனித் துணைச் சட்டம்!

கால்வாய் அடைத்தால் தொழிலாளி எந்தக் கதவைத் தட்டுவது? “எங்கள் வேலையல்ல, அங்கே போ” என்று கைகழுவ ஏட்டிலேயே இடம் வைத்தால் நிர்வாகத்துக்குக் கொண்டாட்டம். நமக்கோ மத்தளம் போல் இருபக்கமும் இடி.

பாராளுமன்றச் சட்டத்துக்கு முரணான துணைச் சட்டம் முரண்படும் அளவுக்குச் செல்லாது என்பார்கள். மெய்தான். அதைக் கோர்ட்டில் நிரூபிக்கப் பால்மரம் வெட்டுகிறவனிடம் காசு ஏது? முரண்பாட்டை எழுதும்போதே களைய வேண்டும்!

வழியும் உண்டு. ஊராட்சிச் சட்டங்களை ஒரே சீராக்க அரசியல் சட்டத்தின் 76-வது விதி பாராளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. துணைச் சட்டம் எதுவும் மாநில அரசு உறுதிசெய்து கெஜட்டில் வந்த பிறகே அமலாகும். உறுதிசெய்யுமுன் ஒத்துப் பார்க்கட்டும்!

நாம் கேட்பது மூன்று: ‘தொழிலாளர் வீடு’ என்பதற்கு எங்கும் ஒரே பொருள், மோதினால் எது நிற்கும் என்ற தெளிவான விதி, ஒவ்வொரு குறைக்கும் பொறுப்பான ஒரே இலாகா.

கிராணிமார்களே! உங்கள் மன்றத்தின் துணைச் சட்டத்தை வாங்கிப் படியுங்கள். மோதும் இடங்களைக் குறித்துச் சங்கக் கிளையில் கொடுங்கள். தொழிலாளத் தோழர்களே! கிளைக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாக்குங்கள். கேளாமல் கிடைத்த உரிமை எதுவுமில்லை!