பல்கலைக்கழக மாணவரும் காப்புறுதியும்

விழாக் காலத்திலே கடந்த பெருமைகளை எண்ணி மகிழ்தல் இயல்பு. எமது கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் புகுவோரின் பெயர்களை வாசிக்குந்தோறும் நாமும் நெஞ்சம் பூரிக்கின்றோம். ஆயின், அப்பெயர்களுக்குரியோர் கல்லூரி வாயிலைக் கடந்தபின் எத்தகைய காப்போடு வாழ்கின்றனர் என்பதை நாம் சிந்தித்ததுண்டோ? இம்மலரிலே அதனைச் சற்று ஆராய விரும்புகின்றோம்.

பாடசாலை மாணவர்க்கெனச் சுரக்ஷா என்னும் காப்புறுதித் திட்டத்தை அரசு 2017 ஆம் ஆண்டில் தொடங்கியது. அரச சேவையிற் சேர்ந்தோர்க்கு அக்ரஹார மருத்துவக் காப்புறுதி உண்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நான்கைந்து ஆண்டுகளிலேயே மாணவன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றான். பேராதனையிலோ மொறட்டுவையிலோ வந்தாறுமூலையிலோ வாடகை அறையில் வாழ்கின்றான். விடுமுறை தோறும் இரவுப் பஸ்வண்டியில் ஊர் வந்து மீள்கின்றான். பயணம் மிகுந்த பருவமும் இதுவே. காப்புக் குறைந்த பருவமும் இதுவே.

அரசாங்க வைத்தியசாலைகளிலே சிகிச்சை இலவசமன்றோ, காப்புறுதி எதற்கு எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. இலவச சிகிச்சை எம்மக்கள் பெற்ற பெரும்பேறு. அதனை நாம் குறைத்துப் பேசோம். ஆயினும், கால் முறிந்து கிடக்கும் மகனைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் செல்லும் தாயின் வழிச்செலவையும் தங்குசெலவையும் வைத்தியசாலை தருவதில்லை. அவனருகே இருத்தற்பொருட்டுத் தந்தை இழக்கும் நாட்கூலியையும் அது தருவதில்லை. மருந்துகளை வெளியில் வாங்கும் நிலை வந்தால் அஃது எத்துணைச் சுமையாகும் என்பதை 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியிலே யாவரும் கண்டோம். ஆதலின், மாணவன் முதலிற் கருதவேண்டியது விபத்துக் காப்புறுதியும், வைத்தியசாலையில் தங்கும் நாட்களுக்குப் பணம் தரும் காப்புறுதியுமே. இளையோர்க்கு இவற்றின் தவணைக் கட்டணம் பெரும்பாலும் குறைவு.

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் மாணவர்க்கு ஒரு சொல். சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, உம்மால் ஊறுபட்ட பிறர்க்கே ஈடு செய்யும். உமது முறிந்த கைக்கு அது ஒரு சதமும் தராது. பத்திரம் ஒன்று பையிலிருக்கின்றதென்று மயங்கியிருத்தல் தகாது.

இனி, நாம் முதன்மையாகச் சொல்ல வந்த விடயம் ஒன்றுண்டு. முகவர்கள் பலர் மாணவன் பெயரிலே நீண்டகால ஆயுட் காப்புறுதி எடுக்குமாறு பெற்றோரைத் தூண்டுவர். ஆனால் மாணவன் இன்று உழைப்பவனல்லன். அவன் உழைப்பை நம்பி இன்று ஒருவரும் இலர். மாறாக, அவன் கல்வியே தோட்டத்திலோ கடலிலோ கடையிலோ உழைக்கும் ஒருவரின் உயிரை நம்பி நிற்கின்றது. அவ்வுயிர் பிரியின் மகாபொலப் புலமைப்பரிசில் மட்டும் குடும்பத்தைத் தாங்காது. அப்போது இரண்டாம் ஆண்டு மாணவன் புத்தகத்தை மூடிவைத்து வேலை தேடிப் புறப்படுவான். ஆகவே காப்புறுதி செய்யவேண்டிய உயிர் தந்தையினுடையதே. தாய் உழைப்பின் தாயினுடையதே. மகனின் படிப்பு முடியும் ஆண்டுவரை மாத்திரம் நிற்கும் ஆயுட் காப்புறுதி, சேமிப்போடு கலந்த நெடுங்காலப் பத்திரத்தைவிடக் குறைந்த கட்டணத்திற் கூடிய தொகையைக் காக்கும். காலமுடிவிற் பணம் திரும்பக் கிடையாதே என்பர். வேலி போட்ட செலவைப் பயிர் திருப்பித் தருமாறு எவரும் கேட்பதில்லை.

கடல் கடந்து கற்கச் செல்வோரின் நிலை வேறு. அவுஸ்திரேலியாவிற் கற்கும் பிறநாட்டு மாணவர் விசாக் காலம் முழுவதற்கும் மருத்துவக் காப்புறுதி பெறல் வேண்டும். பிரித்தானியாவிலே மாணவர் விசாவுடன் செலுத்தும் மருத்துவக் கட்டணம் 2024 ஆம் ஆண்டில் வருடத்துக்கு 776 பவுணாக உயர்ந்தது. பயணக் கணக்கெழுதும் பெற்றோர் இவற்றையும் முதலிலேயே சேர்த்தெழுதுதல் நன்று.

எக்காப்புறுதியாயினும் இரண்டினை மறவாதீர். விண்ணப்பத்திலே உள்ளதை உள்ளவாறு எழுதுக. சிறுவயது தொட்டு இருக்கும் இழுப்பு நோயை மறைத்தால், ஈடு வேண்டும் நாளில் அம்மறைப்பே நிறுவனத்துக்கு வாதமாகும். பத்திரத்தில் எவையெவை தரப்படும் என்பதைப் படிக்குமுன் எவையெவை தரப்படமாட்டா என்பதைப் படிக்க.

இறுதியாகப் பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். எமது ஊர்களிலே மரண சகாய நிதிச் சங்கங்கள் உண்டு. ஒரு வீட்டிலே சாவு நிகழ்ந்தால் ஊரெல்லாம் சிறு தொகையிட்டு அவ்வீட்டைத் தாங்கும். காப்புறுதியின் தத்துவமும் இதுவே. உதாரணமாக, 1,000 மாணவர் ஆளுக்கு 1,000 ரூபா இட்டாற் சேர்வது 10 இலட்சம். அவ்வாண்டில் நால்வர்க்கு இன்னல் நேரின் தலைக்கு 2 இலட்சம் கொடுத்தும் மிகுதி செலவுக்குக் கிடைக்கும். சங்கம் தானே இதனை நடத்தல் இயலாது. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவுபெற்ற நிறுவனங்களே காப்புறுதித் தொழில் செய்யலாம். ஆனால் அத்தகைய நிறுவனமொன்றிலே, ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் புகும் எமது மாணவர்க்கெனக் குழுக் காப்புறுதி ஒன்றை எடுத்து, வறிய மாணவரின் கட்டணத்தைச் சங்கமே செலுத்தலாம். முன்னரே குழுக் காப்புறுதி உள்ள பல்கலைக்கழகத்திற் புகுவோர்க்கு அதன் குறையை மட்டும் நிரப்பினாற் போதும்.

விழாவுக்குப் பந்தலிட்டோம், கொடியேற்றினோம், மலரும் வெளியிடுகின்றோம். பந்தல் ஒரு வாரத்திற் பிரிக்கப்படும். ஒரு மாணவன் நடுவழியிற் கல்வியைக் கைவிடாது காக்கும் ஏற்பாடு ஒன்றை இவ்வாண்டிலே தொடங்குவோமாயின், அதுவே இவ்விழாவின் நிலையான நினைவாகும் என்பது எமது துணிபு.