கண் அழற்சிக்குச் சத்து மாத்திரை மருந்தல்ல

கண் சிவந்து வலிக்கிறது, வெளிச்சம் பார்த்தால் கூசுகிறது என்று நம்மூரில் யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "சூடுதாம்ல. நல்லெண்ணெய் தேச்சுக் குளி, ஒரு சத்து மாத்திரை போடு, சரியாப் போயிரும்." அந்தச் சத்து மாத்திரைக்கு இப்போது 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்ற பெயரும் மரியாதையும் சேர்ந்துவிட்டன. மருத்துவர் தரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து என்றதும் பதறுகிற வீடுகளே இந்தக் கேப்சூலை மாதக்கணக்கில் நம்பி விழுங்குகின்றன. இந்த நம்பிக்கை பார்வையைப் பறிக்கிறது.

இந்த அறிகுறிகளுக்குக் காரணம் யுவியைட்டிஸாக இருக்கலாம்; அது கண்ணுக்குள்ளே வரும் அழற்சி. ஸ்லிட் லாம்ப் கருவியின் மெல்லிய ஒளிக்கீற்றில், கண்ணுக்குள்ளே தெளிவாக இருக்க வேண்டிய நீரில் வெள்ளணுக்கள் மிதப்பதை மருத்துவர் பார்க்கிறார். நாள் தவறினால் கருவிழித்திரையின் ஓரம் பின்னாலுள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சொட்டு மருந்து விட்டாலும் கண்மணி வட்டமாக விரியாது, கோணல்மாணலாக விரியும். கண் அழுத்தமும் புரையும் பின்தொடரும். ஒட்டிப்போனதைப் பிரிக்கும் வைட்டமின் எதுவும் கிடையாது.

அழற்சியில் வெள்ளணுக்கள் ஆக்ஸிஜன் கழிவுகளை வெளியிட்டுத் திசுவைப் புண்ணாக்குவது உண்மைதான். ஆனால் அந்தக் கழிவை மட்டும் துடைப்பது, கரை உடைந்த வாய்க்காலை அடைக்காமல் வயலில் நின்று தண்ணீரை இறைப்பது போன்றது. 1999-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 145 யுவியைட்டிஸ் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு வைட்டமின் சி, இ சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் அவர்களின் பார்வை மற்றவர்களைவிடச் சற்று மேம்பட்டிருந்தது. அழற்சி தணிவதில் வித்தியாசமே இல்லை. அதுவும் சிகிச்சையோடு சேர்த்துத்தான், சிகிச்சைக்குப் பதிலாக அல்ல. கண்புரைக்கும் இதே கதைதான். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் 798 பேரில் ஒரு பகுதியினருக்கு ஐந்தாண்டு பீட்டா கரோட்டின், சி, இ கொடுத்த அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வு 2006-ல் வெளியானது. புரை வளர்வது குறையவில்லை.

வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்கு அந்த வைட்டமின் உயிர் காக்கும் மருந்து. அதை யாரும் மறுக்கவில்லை. குறைபாட்டுக்குப் பலித்தது எல்லாக் கண்நோய்க்கும் பலிக்கும் என்று நினைப்பதுதான் தவறு. சிகரெட் பிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தால் நுரையீரல் புற்றுநோய் கூடியதை 1994-ல் பின்லாந்து ஆய்வு காட்டியது. "சத்துதானே, கெடுதலா செய்யும்?" என்று கேட்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நம் திருநெல்வேலியில், தாமிரபரணிக் கரையில், கண் அழற்சிக்குக் காரணத்தைத் தேடாமல் இருக்கவே முடியாது. 1993 இறுதியில் மதுரையை வெள்ளம் சூழ்ந்து வடிந்தபின், எலிக்காய்ச்சல் கிருமியால் வந்த யுவியைட்டிஸ் நோயாளிகள் திரளாக வந்தார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ஆர். ரத்தினத்தின் குழு அதைப் பதிவு செய்தது. 2023 டிசம்பரில் நம் வீடுகளுக்குள் ஆறு புகுந்ததை நாம் மறக்கவில்லை. சேற்று வயலில் வெறுங்காலோடு இறங்குகிறோம். குளத்தில் குளிக்கும் பிள்ளைகளின் கண்ணில் ஒட்டுண்ணிக் கட்டி வருவதும் தமிழ்நாட்டில் பதிவாகியிருக்கிறது. காசநோயும் கண்ணைத் தாக்கும். இத்தனை காரணங்களில் எதை ஒரு கேப்சூல் கண்டுபிடிக்கும்?

ஸ்டீராய்டை நாமாக வாங்கி ஊற்றுவதும் பெருந்தவறு. நெல்தாள் குத்திப் பூஞ்சைப் புண் வந்த கண்ணில் அதை விட்டால் கண்ணே போகும். எந்த நோய் என்பதை ஸ்லிட் லாம்பில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஜங்ஷனில் அரவிந்த் மருத்துவமனை 1988 முதல் இருக்கிறது. கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, பார்வையும் மங்கினால் அன்றைக்கே பஸ் ஏறுங்கள். கேப்சூல் வேண்டுமா என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம்.